தகரக் கொட்டகையில் ஃபோகஸ் லைட்... வெளிச்சத்துக்கு முன்னால் எர்த்!

அறுவடைக் காலத்தில் களத்து வேலை பொழுது சாய்ந்த பிறகும் நீளும். கறவை மாடு வைத்திருப்பவர்களுக்கு விடிவதற்கு முன்பே கொட்டகையில் வேலை தொடங்கிவிடும். அதனால்தான், தகரக் கொட்டகையின் முகப்பில் எல்.இ.டி ஃபோகஸ் லைட் மாட்டுவது கிராமங்களில் சாதாரணமாகிவிட்டது. 50 வாட்ஸ் விளக்கு தினமும் 5 மணி நேரம் எரிந்தாலும், 30 நாள்களுக்கு ஏழரை யூனிட்தான் செலவாகும்.

ஆனால், ஓலைக் கூரையில் இல்லாத ஓர் ஆபத்து தகரத்தில் உண்டு. உரிந்த வயர் ஓரிடத்தில் தகரத்தைத் தொட்டால் போதும். கூரை, இரும்புத் தூண், தூணில் கட்டிய சங்கிலி, சங்கிலியில் நிற்கும் மாடு வரை மின்சாரம் பாய்ந்துவிடும்.

ஃபியூஸ் மட்டும் போதாது

‘ஷாக் அடித்தால் ஃபியூஸ் போய்விடும்’ என்று பலர் நம்புகிறார்கள். இது தவறு. தூண் வழியாக மண்ணுக்குள் 2 ஆம்பியர் கசிந்தாலும், 6 ஆம்பியர் எம்.சி.பி விழாது. மனிதர் உயிரைப் பறிக்க அதில் சிறு பங்கே போதும். மாடுகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி அதிகம் என்பதால், மண்ணில் பரவும் மின்சாரம் ஒரு கால் வழியே ஏறி, உடலைக் கடந்து, மறு கால் வழியே இறங்குகிறது. சாணமும் மூத்திரமும் ஊறிய ஈரத்தரை இதற்குத் துணைபோகிறது.

இதைத் தடுப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஃபேஸில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று இது கவனித்துக்கொண்டே இருக்கும். கசிவு ஏற்பட்டால், கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். எம்.சி.பி, ஆர்.சி.சி.பி இரண்டும் தேவை. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

பச்சை வயரை வெட்டாதீர்கள்

உலோக உடல் கொண்ட ஃபோகஸ் லைட்டில் மூன்று வயர்கள் இருக்கும். பச்சை வயர்தான் எர்த். ‘இரண்டு வயரிலேயே எரிகிறதே’ என்று அதை வெட்டிவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அந்த வயரை எர்த்துடன் சேர்ப்பதோடு, கொட்டகையின் இரும்புச் சட்டத்தையும் எர்த் கம்பியுடன் இணைக்க வேண்டும். இரண்டரை மீட்டர் ஜி.ஐ பைப்பை ஈரம் நிற்கும் இடத்தில் இறக்கி எர்த் அமைக்கலாம். மாடு கட்டும் இடத்திலிருந்து அது தள்ளி இருக்க வேண்டும்.

மோட்டார் ஸ்டார்ட்டரிலிருந்து ஒரு ஃபேஸை மட்டும் இழுத்து, நியூட்ரலுக்குப் பதில் எர்த் கம்பியில் சேர்த்து விளக்கெரிப்பது உயிரோடு விளையாடும் செயல். எர்த் கம்பி எங்காவது விட்டுப்போனால், அதைத் தொடுபவர் மீது 230 வோல்ட் மின்சாரம் பாயும். பம்புசெட்டுக்கான இலவச இணைப்பிலிருந்து கொட்டகைக்கு மின்சாரம் எடுப்பது விதிமீறலும்கூட.

தகரத்தில் அல்ல, சட்டத்தில்

விளக்கின் எடையைத் தகரம் தாங்காது. காற்றில் ஆடி ஆடி ஓட்டை பெரிதாகி, மழைநீர் உள்ளே இறங்கும். எனவே, கூரைக்கு மேலே மாட்டாமல், முகப்பில் தாழ்வாரத்துக்குக் கீழே, இரும்புச் சட்டத்தில் கிளாம்ப் போட்டு மாட்டுவதே நல்லது. வெயில் சூட்டிலிருந்து தப்புவதால் விளக்கின் ஆயுளும் கூடும். தகரத்தில் துளை போட்டே ஆக வேண்டும் என்றால், நெளிவின் மேட்டில் போட்டு, ரப்பர் வாஷருடன் ஸ்க்ரூ முடுக்க வேண்டும். பள்ளத்தில் போட்டால் ஒழுகும்.

ஐ.பி 65 என்று குறிப்பிட்ட விளக்கையே வாங்க வேண்டும். தூசியும் மழைச்சாரலும் அதனுள் புகாது. வயரைக் கட்டுக்கம்பியால் தகரத்தோடு கட்டாமல், பி.வி.சி பைப்புக்குள் கொண்டுவர வேண்டும். தகர விளிம்பு கத்திபோல வயரை அறுத்துவிடும். விளக்குக்குள் நுழையும் முன் வயரைச் சற்றுத் தொங்கவிட்டு மேலேற்றினால், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

ஈரத் தகரம் வழுக்கும். எனவே, பனியும் மழையும் இல்லாத நேரத்தில், மெயினை அணைத்துவிட்டு, உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் மூலம் வேலையை முடிக்க வேண்டும். மேலே மின்கம்பி போகிறதா என்று பார்த்த பிறகே ஏணியைத் தூக்க வேண்டும்.

வயல் பக்கம் திருப்ப வேண்டாம்

விளக்கு களத்தைப் பார்த்துக் கீழ்நோக்கி இருக்கட்டும். வெள்ளை வெளிச்சம் நெல் குருத்துப்பூச்சியின் தாய் அந்துப்பூச்சிகளையும் தத்துப்பூச்சிகளையும் இழுத்துவரும். இளமஞ்சள் வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகள் குறைவு. செவ்வந்தித் தோட்டத்தில் இரவெல்லாம் வெளிச்சம் விழுந்தால் பூப்பது தள்ளிப்போகும். வேலை முடிந்ததும் விளக்கை அணைத்துவிடுவது பயிருக்கும் நல்லது, பணத்துக்கும் நல்லது.

மாதம் ஒரு நிமிடம்

ஆர்.சி.சி.பி-யில் உள்ள ‘டெஸ்ட்’ பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். உடனே விழவில்லை என்றால், மாற்றியாக வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக வயர், எர்த் இணைப்பு எல்லாவற்றையும் எலெக்ட்ரீஷியனிடம் காட்டிச் சரிபார்ப்பது அவசியம். தூணைத் தொடும்போது லேசாகச் சுரீர் என்றாலோ, மாடுகள் கொட்டகைக்குள் வர மறுத்தாலோ, தண்ணீர்த் தொட்டியில் வாய் வைக்கத் தயங்கினாலோ கசிவு இருக்கலாம். மெயினை அணைக்காமல் மாட்டையோ, மாட்டிக்கொண்ட ஆளையோ தொடவே கூடாது. மின்வாரியத்தின் ‘மின்னகம்’ எண் 94987 94987-ஐக் கொட்டகைச் சுவரிலேயே எழுதிவைக்கலாம்.