கண்ணறிவு – 9: உளிமுனையும் பிசிர்த்தசையும்

புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்கள் விடியுமுன்பே நிரைக்குப் போய்விடுவார்கள். வெளிச்சம் என்றால் நெற்றியில் கட்டிய விளக்கு மட்டும்தான். ஒருநாள் சீவலில் கோட்டிலிருந்து எடுக்கும் பட்டை ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். ஆழத்திலோ, மரத்தின் வளர்படையைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டர் அளவுக்காவது பட்டையை விட்டுவைக்க வேண்டும். உளி அதையும் தாண்டினால் மரத்துக்குக் காயம். அங்கே புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். மண்டோரின் ஏச்சு அன்றைக்கே கிடைக்கும்.

இதைக் கைத்திறன் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அந்தக் கையை நடத்தியது, கண்ணுக்குள்ளே கதிராளி என்ற ஐரிஸுக்குப் பின்னால் வளையமாக அமைந்த ஒரு சின்னஞ்சிறு தசை. இலங்கைப் பாடநூல்கள் அதைப் பிசிர்த்தசை என்கின்றன; தமிழ்நாட்டு நூல்களில் அது சிலியரித் தசை. நம் பிள்ளைகள் ஆறாம் ஆண்டு வரை தமிழில் அறிவியல் படித்துவிட்டு, இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் மலாய்மொழியில் ‘ஓத்தோட் சிலியா’ என்று மனப்பாடம் செய்கிறார்கள். 2003இல் அறிவியல் பாடம் ஆங்கிலத்துக்கு மாறியபோது படித்தவர்களுக்கு அதுவும் வேறு. இந்தத் தொடரில் பிசிர்த்தசை என்றே எழுதுகிறேன். கயிறும் துணியும் பிசிர் விடுவதைப் பார்த்த எவருக்கும் அந்தச் சொல் விளக்கமில்லாமல் புரியும்.

அந்தத் தசை செய்யும் வேலையைப் பலரும் தலைகீழாக நினைத்திருக்கிறார்கள். கண்வில்லையைச் சுற்றிலும் நுண்ணிய இழைகள் தாங்குகின்றன. அவற்றின் மறுமுனை இந்த வளையத்தில் பற்றியிருக்கிறது. தூரத்தைப் பார்க்கும்போது தசை தளர்ந்திருக்கும், இழைகள் விறைப்பாக இழுக்கும், வில்லை தட்டையாகும். கோட்டருகே முகத்தைக் கொண்டுபோனதும் தசை சுருங்குகிறது. சுருக்குப்பையின் வாய்போல வளையம் சிறுக்க, இழைகள் தொய்கின்றன. இழுப்பு விட்டதும் வில்லை தன் இயல்பிலேயே உருண்டு தடிக்கிறது. பக்கத்திலுள்ளது தெளிகிறது. கிட்டப் பார்வைக்கு மாறுவது வில்லைதான் என்பதைத் தாமஸ் யங் 1801இல் தம் கண்களிலேயே சோதித்துக் காட்டினார். தசையை 1840களில் புரூக்கேயும் பௌமனும் தனித்தனியே கண்டார்கள். இழை தொய்வதால்தான் வில்லை தடிக்கிறது என்று 1855இல் விளக்கியவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ்.

பத்து வயதுப் பிள்ளை ஏழு சென்டிமீட்டரில் வைத்த எழுத்தையும் படித்துவிடும். நாற்பதில் அந்தத் தூரம் இருபதைத் தாண்டுகிறது, ஐம்பதில் நாற்பதைத் தொடுகிறது. முதல் காரணம் நரம்புத் தளர்ச்சியும் இல்லை, தசைத் தளர்ச்சியும் இல்லை; வில்லை இறுகிப்போய் உருள மறுக்கிறது. நாற்பத்தைந்து வயதில் ஒருவர் சீவும் மரத்தில் காயம் கூடினால் கை நடுங்குகிறது என்றுதான் பேச்சு எழும். கிட்டப் பார்வைக்கு ஒரு கண்ணாடி போதுமே என்று யாருக்குத் தோன்றும்? அந்த அறியாமையை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

ஏனென்றால் தமிழில் இந்த அறிவு இல்லாமல் இல்லை. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். 1860களில் வகுப்பையே தமிழுக்கு மாற்றினார். கிரேயின் உடற்கூற்று நூல் லண்டனில் வெளிவந்தது 1858இல். பதினான்கே ஆண்டுகளில், 1872இல், அது ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று தமிழில் அச்சேறியது. பிறகு யாழ்ப்பாணத்தார் பலர் மலாயாவுக்கு வந்து தோட்ட ஆஸ்பத்திரிகளில் டிரஸ்ஸர்களாக இருந்தார்கள். வெளியே வரிசையில் நின்றவர்களும் தமிழர்கள், உள்ளே மருந்து கொடுத்தவரும் தமிழர். ஆனால் அச்சிட்ட அந்தத் தமிழ் மருந்தறையின் சன்னலைத் தாண்டி லயத்துக்கு வந்து சேரவில்லை.

பிசிர்த்தசை இருக்கும் பகுதிக்குப் பிசிருடல் என்று பெயர். அதன் உட்புறத்தில் எழுபதுக்கு மேற்பட்ட மடிப்புகள் வரிசையாக நிற்கும். இமைமயிர் வரிசைபோல் தெரிந்ததால் இலத்தீனில் இமையைக் குறித்த சொல்லையே அதற்கு வைத்தார்கள். உயிரணுக்களின் மேல் அசையும் நுண்பிசிர்களுக்கும் அதே சொல் போனதால்தான் இத்தனை குழப்பம். மடிப்புகளின் வேலை நீர் சுரப்பது: நிமிடத்துக்கு இரண்டிலிருந்து மூன்று மைக்ரோலிட்டர். சுரந்த நீர் வடியாவிட்டால் கண்ணழுத்தம் ஏறி, பார்வை நரம்பு கெடும். கண்ணழுத்த நோய்க்குக் கிளினிக்கில் தரும் டிமோலோல் சொட்டு மருந்து இந்தச் சுரப்பைத்தான் குறைக்கிறது. ஆஸ்துமா உள்ளவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கண்ணில் விடும் சொட்டுத்தானே என்று இருந்துவிடக் கூடாது.

அசல் நுண்பிசிர் கண்ணில் வேறிடத்தில் பெருவேலை செய்கிறது. விழித்திரையில் மங்கிய ஒளியைப் பிடிக்கும் கோலணுக்கள் ஏறத்தாழ 9 கோடி. ஒவ்வொன்றிலும் ஒளி வாங்கும் மேற்பாகம் கீழ்ப்பாகத்தோடு ஒரே ஒரு பிசிரால் இணைந்திருக்கிறது. மேலே தேவையான புரதமெல்லாம் அந்த வழியாகத்தான் ஏற வேண்டும். பிறவியிலேயே அந்தப் பிசிர் பழுதானால் அணுக்கள் சிறுகச் சிறுகச் சாகும். பல பிள்ளைகளிடம் முதலில் தெரிவது மாலைக்கண்.

மாலைக்கண் என்றதும் நம் வீடுகளில் முருங்கைக்கீரையும் மீனெண்ணெயும்தான். வைட்டமின் ஏ குறைவால் வந்ததற்கு அது சரியான மருந்து. மரபுவழி வந்ததை அது தீர்க்காது. சொந்தத்தில் மணம் முடித்த குடும்பத்தில் இவ்வகை நோய்க்கு வாய்ப்புக் கூடுதல். அண்ணன் தம்பி இருவருமே இருட்டில் தடுமாறினால், கீரையும் கொடுங்கள், தாமதிக்காமல் விழித்திரை நிபுணரிடமும் காட்டுங்கள்.

அடுத்த வாரம்: கதிராளி.