ஸ்கூபா டைவிங் கிளம்புறீங்களா? கைப்பையில் எது, செக்-இன் பையில் எது?

அந்தமானுக்கு டிக்கெட் போட்டாச்சு. சென்னையிலிருந்து விமானத்தில் ஸ்ரீ விஜயபுரம் (பழைய போர்ட் பிளேர்), அங்கிருந்து படகில் ஸ்வராஜ் தீவு, அப்புறம் கடலுக்கு அடியில் பவளப்பாறை. திட்டம் எல்லாம் சரிதான். ஆனால் சொந்தமாக டைவிங் சாதனங்கள் வைத்திருக்கிறவர்களுக்கு முதல் சிக்கல் கடலில் வருவதில்லை, விமான நிலைய எக்ஸ்ரே மெஷினில்தான் வரும். எந்தப் பொருளை எந்தப் பையில் வைப்பது என்று வீட்டிலேயே பிரித்துவிட்டால் அந்தச் சிக்கலே இல்லை.

ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு வரி போதும்: வெட்டுவது, குத்துவது, திருகுவது எல்லாம் செக்-இன் பையில். உதிரி பேட்டரி கைப்பையில். இதை மாற்றி வைத்தால் இரண்டு பக்கமும் பிரச்சினைதான்.

கத்தியும் கருவிகளும்

டைவிங் கத்தி, லைன் கட்டர், கூர்முனைக் கத்தரிக்கோல் எதுவும் கேபினுக்குள் போகாது. "சின்னதுதானே" என்று நினைக்காதீங்க. ஸ்குரூடிரைவர், ஸ்பேனர், இடுக்கி, பல கருவிகள் சேர்ந்த மல்டி-டூல் எல்லாம் செக்-இன் பையில்தான் வர வேண்டும். கத்தியை உறையில் போட்டு, மேலே ஒரு துணியைச் சுற்றி வையுங்க. பையைத் திறந்து பார்க்கும் ஊழியரின் கை வெட்டுப்படக் கூடாது இல்லையா?

பலரும் மறந்துபோவது ஒன்று உண்டு. நீச்சல் ஜாக்கெட்டின் பாக்கெட்டில் செருகிய குட்டிக் கத்தி, போன தடவை போட்ட இடத்திலேயே இருக்கும். ஜாக்கெட்டைக் கைப்பையில் வைப்பதாக இருந்தால் எல்லா பாக்கெட்டையும் ஒருமுறை துழாவிப் பாருங்க.

பேட்டரி ஏன் நம்ம கூடவே வரணும்?

டார்ச், கேமரா ஆகியவற்றின் உதிரி லித்தியம் பேட்டரிகளும் பவர் பேங்கும் செக்-இன் பையில் வைக்கக் கூடாது. காரணம் எளிது. லித்தியம் பேட்டரி சூடாகித் தீப்பிடித்தால், கேபினில் இருக்கும் பணியாளர்கள் உடனே பார்த்து அணைக்க முடியும். சரக்குப் பகுதியில் அது நடந்தால் யாரும் கிட்டே போகக்கூட முடியாது.

அளவு எவ்வளவு? 100 வாட்-ஹவர் வரை பொதுவாகச் சிக்கல் இல்லை. 100 முதல் 160 வரை என்றால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். உதிரியாக இரண்டுதான் எடுத்துப் போகலாம். 160-க்கு மேல் அனுமதி இல்லை. பேட்டரியில் வாட்-ஹவர் போடவில்லையா? கணக்கு சுலபம்: எம்.ஏ.எச். அளவை 1000-ஆல் வகுத்து, வோல்ட்டால் பெருக்குங்க. 3.7 வோல்ட், 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் என்றால் 74 வாட்-ஹவர்.

ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனி உறையில் போடுங்க, அல்லது முனைகளில் டேப் ஒட்டுங்க. சாவி, நாணயத்தோடு உரசினால் ஷார்ட் ஆகும். டைவிங் டார்ச் தண்ணீருக்கு வெளியே எரிந்தால் கடுமையாகச் சூடாகும். அதனால் பையில் தானாக ஆன் ஆகாதபடி பேட்டரியைக் கழற்றிவிடுங்க.

இன்னொரு விஷயம்: கேபினில் இடமில்லை என்று கடைசி நேரத்தில் உங்கள் கைப்பையைக் கீழே அனுப்பச் சொன்னால், பேட்டரியையும் பவர் பேங்கையும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்ட பிறகே பையைக் கொடுங்க.

கைப்பையில் வைக்க வேண்டியவை

உள்நாட்டு எகானமி பயணத்தில் பெரும்பாலும் கைப்பைக்கு 7 கிலோதான். அதில் எதற்கு முதலிடம்? ரெகுலேட்டர், டைவ் கம்ப்யூட்டர், பவர் கண்ணாடி பொருத்திய மாஸ்க். செக்-இன் பை தாமதமானாலும் துடுப்பும் உடையும் வாடகைக்குக் கிடைத்துவிடும். உங்கள் கண்ணுக்கான பவர் மாஸ்க் கிடைக்காது. ரெகுலேட்டரின் உலோகப் பாகம் எக்ஸ்ரேயில் கட்டியாகத் தெரியும், அதிகாரி கேட்கலாம். பைக்கு மேலாக வைத்து, "தண்ணீருக்கு அடியில் மூச்சுவிடும் கருவி" என்று சொல்லிக் காட்டினால் போதும்.

காற்று நிரப்பிய சிலிண்டரை எந்தப் பையிலும் வைக்காதீங்க. சிலிண்டரையும் ஈயக் கட்டியையும் டைவிங் மையத்திலேயே வாங்கிக்கொள்ளலாம்.

சோதனையில் நிறுத்திவிட்டால்?

எதை உள்ளே விடலாம் என்பதில் அங்குள்ள பாதுகாப்பு அதிகாரியின் முடிவே இறுதி. வாக்குவாதத்தால் நேரம்தான் போகும். நேரம் இருந்தால் திரும்பிப் போய் அந்தப் பொருளை செக்-இன் செய்யலாமா என்று கேளுங்க. உள்நாட்டு விமானங்களில் கவுன்ட்டர் பெரும்பாலும் புறப்படுவதற்கு 60 நிமிடம் முன்பே மூடிவிடும். அதற்குப் பிறகு கத்தியை அங்கேயே விட்டுவிட்டுப் போவதைத் தவிர வழி இருக்காது. அதனால் சீக்கிரமே போய்விடுங்க.

திரும்பும்போது

அதே விதிதான், ஆனால் பை கனமாகியிருக்கும். ஈர உடையை நன்றாகக் காயவைத்து அடுக்குங்க. அதைவிட முக்கியம் உங்கள் உடம்பு. டைவிங்கில் உடலில் கரைந்த நைட்ரஜன், விமானத்தின் குறைந்த காற்றழுத்தத்தில் குமிழாகி ஆபத்தை உண்டாக்கலாம். ஒரே ஒரு சாதாரண டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பலமுறை இறங்கியிருந்தால் 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏறுங்க. கடைசி நாளைக் கடற்கரைக்கு ஒதுக்கிவிட்டால் உடையும் காயும், உடம்பும் தேறும்.

டைவிங் போகும் நண்பர்கள் குழுவில் இதைப் பகிருங்க. கிளம்பும் முன் உங்கள் விமான நிறுவனத்தின் இணையதளத்தில் எடை, பேட்டரி விதிகளை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்க.