செம்பனை ஓட்டுக் கரி

பாலோ வட்டாரத்துச் செம்பனைப் பழங்கள் ஆலையில் பிழியப்பட்டபின் எஞ்சுவனவற்றுள் கொட்டை ஓடும் பழுப்புநிறக் கழிவுநீரும் அடங்கும். முன்னது பின்னதைத் தெளிவிக்க வல்லது.

ஓட்டைக் கரியாக்கி, ஏறத்தாழ 800 பாகை செல்சியசில் நீராவி செலுத்தினால் கரியின் ஒரு பகுதி வாயுவாகி வெளியேறும். எண்ணற்ற நுண்துளைகள் தோன்றும். ஒரு கிராம் கரிக்குள் 1,000 சதுர மீட்டர் அளவுக்குப் பரப்பு அமையக்கூடும். அப்பரப்பில் நிறப்பொருள்கள் ஒட்டிக்கொள்வதே பரப்புக்கவர்ச்சி. பஞ்சு நீரை உறிஞ்சுவது வேறு.

ஆயினும், ஆலைநீரை நேரே கரியில் விடுவது வீண். எண்ணெயும் சேறும் துளைகளை அடைத்துவிடும். குளங்களில் நுண்ணுயிர்கள் பெரும்பகுதி மாசைச் சிதைத்த பின்னும் நீங்காத பழுப்பு நிறத்துக்கே கரி தேவை. கவரப்பட்ட மாசு அழிவதில்லை, இடம்தான் மாறுகிறது. துளைகள் நிரம்பிய கரியை மீண்டும் சூடேற்றிப் புதுப்பித்தல் வேண்டும். அதற்கான எரிபொருளையும் கணக்கில் சேர்த்தே இம்முறையின் பயனை மதிப்பிட இயலும்.