சொல்மேகம்

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பர் பெரியோர். ஆனால் ஒரு பருக்கையோடு நில்லாமல், பானைச் சோறு முழுவதையும் எண்ணிப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. அதுவே சொல்மேகம்.

ஒரு நூலைக் கணிப்பொறியில் இட்டால், ஒவ்வொரு சொல்லும் எத்தனை முறை வந்துள்ளது என்று அது எண்ணும். அடிக்கடி வரும் சொல்லைப் பெரிய எழுத்திலும், அருகி வருவதைச் சிறிய எழுத்திலும் ஒரே படமாக வரைந்து தரும். 'என்று', 'அந்த', 'ஆனால்' போன்ற சொற்களை முன்னரே நீக்கிவிட வேண்டும். களத்தில் நெல்லைத் தூற்றிப் பதரை விலக்குவது போன்றது இது. இரண்டு திருச்சபைகளின் நூல்களை இவ்வாறு ஒப்பிட்டால், எது எதனை வலியுறுத்துகிறது என்று காணலாம்.

தமிழ் விவிலியத்தையே எடுத்துக்கொள்வோம். நம் காவிரி நாட்டுத் தரங்கம்பாடியில் லுத்தரன் குரு சீகன்பால்க் புதிய ஏற்பாட்டை 1715-இல் அச்சிட்டு முடித்தார். கத்தோலிக்கர் வழங்கிய 'சர்வேசுரன்' என்ற சொல்லையே அவரும் கையாண்டார். பின்வந்த பப்ரீசியஸ் 'பராபரன்' என்றார். ஆங்கிலிக்கன் குரு ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871-இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு 'தேவன்' என்றது. கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து 1995-இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பு 'கடவுள்' என்கிறது. நான்கிற்கும் சொல்மேகம் வரைந்தால், இறைவனின் பெயர் நான்கு விதமாகத் தோன்றும். நான்கும் ஒருவரையே குறிப்பன என்பதைக் கணிப்பொறி அறியாது.

தமிழில் வேறொரு சிக்கலும் உண்டு. 'கடவுளை', 'கடவுளுக்கு', 'கடவுளால்' என வேற்றுமை உருபேற்று வருவனவற்றை அது மூன்று தனிச் சொற்களாக எண்ணும். அதனால் பெரிதாகத் தோன்ற வேண்டிய சொல் சிதறிச் சிறுத்துவிடும். இவற்றையெல்லாம் ஒரே சொல்லாகச் சேர்த்த பின்னரே எண்ண வேண்டும்.

அப்படி எண்ணினாலும் எல்லாம் விளங்கிவிடுமா? எபிரேய மொழியிலுள்ள எஸ்தர் நூலில் 'கடவுள்' என்ற சொல் ஒருமுறையேனும் இல்லை. கிரேக்கப் பகுதிகளும் சேர்ந்த நம் கத்தோலிக்க விவிலியத்தில்தான் அது வருகிறது. ஆயினும் அழியவிருந்த ஓர் இனம் காக்கப்பட்ட அவ்வரலாற்றில், இறைவனின் கரத்தைக் காணாதவர் யார்? நமக்கும் ஆங்கிலிக்கன் சபையினருக்கும் பொதுவான 'திரித்துவம்' என்ற சொல்லும் விவிலியத்தில் எங்கும் இல்லை. அதன் பொருளோ நம் விசுவாசத்திற்கே அடிப்படை.

ஆகவே தோழியரே, எங்கே உற்று நோக்க வேண்டும் என்பதை எண்ணிக்கை காட்டும். பொருளை அறிய நூலைப் படித்தே ஆக வேண்டும். விடுமுறையில் இரண்டு பாடங்களை எடுத்து, ஒரு தாளில் சொற்களை எண்ணி ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு அவ்விரு பாடங்களையும் மீண்டும் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்.