கண்ணுக்குத் தெரியாத ஈரம்

ராஜஸ்தானில் பான்ஸ்வாரா மாவட்டம் இருக்கிறது. 1974இல் அதை அடுத்து குஜராத்தின் பஞ்ச்மகால் மாவட்டம் இருந்தது. அங்குள்ள ஏழை மக்களின் முக்கிய உணவு மக்காச்சோளம்.

1974ஆம் ஆண்டு அறுவடை நேரத்தில் பருவம் தவறி மழை பெய்தது. கதிர்கள் நனைந்தன. தானியத்தில் பூசணம் பிடித்தது. வேறு உணவு இல்லை. மக்கள் அதையே சாப்பிட்டார்கள். பலருக்கு மஞ்சள் காமாலை வந்தது. 100 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே உணவைத் தின்ற நாய்களும் இறந்தன.

காரணம் என்ன? ஈரத் தானியத்தில் ஒருவகைப் பூசணம் வளரும். அது அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். சமைத்தாலும் அது முழுவதும் அழியாது.

ஈரத்தை அறிவது எப்படி?

தானியம் வெளியே காய்ந்திருக்கும். உள்ளே ஈரம் இருக்கும். உழவர்கள் கடித்துப் பார்ப்பார்கள். நறுக்கென்று உடைந்தால் காய்ந்தது என்பார்கள். நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் அளக்கும் கருவி உண்டு. அங்கே 17 சதவீதம் வரை ஈரம் இருக்கலாம் என்பது பொது விதி.

செய்து பாருங்கள்

தூள் உப்பை வெயிலில் நன்றாகக் காய வையுங்கள். உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தானியம் போடுங்கள். ஒரு சிறு பிடி உப்பைச் சேருங்கள். மூடிக் குலுக்குங்கள். 15 நிமிடம் பொறுங்கள். பாட்டிலின் உள்பக்கத்தில் உப்பு ஒட்டியிருக்கிறதா? ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. தானியத்தை மறுபடி காய வையுங்கள்.

உப்பு ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்களே!

ஒளி காட்டும் ஈரம்

உப்பைப் போல ஒளியும் ஈரத்தைக் காட்டும். வங்கியில் ரூபாய் நோட்டைப் புற ஊதா விளக்கின் கீழ் வைப்பார்கள். நோட்டின் சில பகுதிகள் ஒளிரும். அப்படி ஒளிரும் சாயங்கள் பல உண்டு. அவற்றில் சில, ஈரம் பட்டால் மங்கும். சில, நிறம் மாறும். விஞ்ஞானிகள் இத்தகைய சாயத்தை மெல்லிய பிளாஸ்டிக் படலத்தில் சேர்க்கிறார்கள். காற்றில் உள்ள ஈரத்தைப் படலம் உறிஞ்சும். உடனே ஒளி மாறும். ரசாயனத் திரவங்களில் கலந்த மிகச் சிறிதளவு நீரைக்கூட இம்முறையில் அறியலாம். இது ஆய்வுக்கூடத்து வேலை. வீட்டுக்கு உப்புப் பாட்டில் போதும்.

தானியத்தைத் தார்ப்பாயில் காய வையுங்கள். மூட்டைகளைப் பலகை மேல், சுவரில் படாமல் அடுக்குங்கள். பூசணம் பிடித்த தானியத்தை உண்ணாதீர்கள். மாட்டுக்கும் போடாதீர்கள். நஞ்சு பாலில் வரும். அந்தப் பாலைக் குடிப்பது நம் குழந்தைகள்தான்.