உங்களுக்குத் தெரியுமா? பனி, உப்பு, கரிசல்

கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்கு உலகமே நடுத்தரச் சாம்பல் நிறம்தான். பனிவெளியைக் காட்டினால் ‘வெளிச்சம் அதிகம்’ என்று தானாகவே குறைத்துவிடும்; பனி அழுக்குச் சாம்பலாகும், அதில் நிற்கும் ஆர்க்டிக் இனுவிட் இன வேட்டைக்காரரின் முகம் இருண்டுபோகும். தூத்துக்குடி உப்பளத்திலும் இதே கூத்துதான். ஒளியளவை ஒன்றிரண்டு ஸ்டாப் கூட்டி எடுத்தால்தான் உப்பு வெள்ளையாகவும், அதை வாரும் பெண்ணின் முகம் முகமாகவும் தெரியும்.

அதே மாவட்டத்தில் கோவில்பட்டிப் பக்கம் வந்தால் கதை தலைகீழ். மழைக்குப் பின் உழுத கரிசலைக் கேமரா நம்ப மறுத்து, வெளுத்த சாம்பலாக்கிவிடும். இங்கே குறைத்து எடுக்க வேண்டும்.

தூத்துக்குடி உப்பளப் பெண்களைப் படமெடுத்தவர்களில் குறிப்பிட வேண்டியவர் மதுரைக்காரரான எம். பழனி குமார். மீன் விற்ற தாயின் மகன். ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். ‘பாரி’ இணைய ஆவணக் காப்பகத்துக்காக உழைக்கும் பெண்களைத் தொடர்ந்து பதிவு செய்கிறார். 2022-இல் முதல் ‘தயானிதா சிங் - பாரி’ ஆவணப் புகைப்பட விருது பெற்றார். உழைப்பவர் வாழ்வை வெளியிலிருந்து பார்ப்பவரின் படங்களில் இவரது நெருக்கம் வருவது அபூர்வம்.

ஆர்க்டிக்கிலும் அப்படி உள்ளிருந்தே பார்த்த ஒருவர் இருந்தார்: பீட்டர் பிட்சியோலாக். 1940-களில் தம் இனுவிட் மக்களைத் தாமே படமெடுத்தவர். பனியின் கண்கூச்சத்தைக் குறைக்கப் பழைய கறுப்புக் கண்ணாடியை வெட்டி லென்ஸுக்கு ஃபில்டர் ஆக்கினார். சிவப்புத் துணி சுற்றிய டார்ச் விளக்கே இருட்டறை விளக்கு. படம் கழுவ மனைவி அகியோக்கும் கூட நின்றார்.