கட்டற்ற மென்பொருளும் நம்மவர் கருத்துக்களும்

கண்டி மாநகரிலும் கட்டுகஸ்தோட்டை, பேராதனை முதலிய அயலூர்களிலும் கணினி விற்குங் கடைகள் பல உள. நாவலப்பிட்டியிலிருந்தோ கம்பளையிலிருந்தோ தம் பிள்ளைக்கு மடிக்கணினி வாங்க வருவோர், விலை பேசி முடித்தபின் வினவுவது பெரும்பாலும் ஒன்றே: “எல்லாம் போட்டுத் தருவீர்களா?” ‘எல்லாம்’ என்னும் அச்சொல்லினுள் விண்டோஸ், சொற்செயலி, தமிழ் எழுத்துரு, படம் பார்க்கும் மென்பொருள் என யாவும் அடங்கும். கடைக்காரர் தலையசைப்பார். அவற்றுக்குத் தனிவிலை உண்டென்ற எண்ணம் இருவர்க்கும் தோன்றுவதில்லை. இந்நிலையிலே, கட்டற்ற மென்பொருள் என்றொன்று உண்டு, அதற்குப் பணங் கொடுக்க வேண்டுவதில்லை என ஒருவர் சென்று கூறுவாராயின் அவர்க்குக் கிடைக்கும் மறுமொழி யாது? “இதுவும் சும்மாதானே கிடைக்கின்றது!”

இம்மறுமொழியை எள்ளி ஒதுக்குதல் தகாது. அது தன்னளவிற் பொருந்திய வாதமே. விலையொன்றே பேச்சாயின், களவுப் பிரதி மலிந்த ஊரிலே விலையற்ற பொருளுக்குத் தனிச்சிறப்பு ஏதுமில்லை. ஆனால் கட்டற்ற மென்பொருளின் உயிர்நிலை விலையில் இல்லை. அது எதில் உளதென்பதை விளக்குதலும், நம்மவர் வாழ்வில், சிறப்பாகத் தமிழ் எழுதி வாசிக்கும் வாழ்வில், அது எங்கே வந்து படுகின்றதெனக் காட்டுதலுமே இக்கட்டுரையின் நோக்கம்.

மென்பொருள் இரு வடிவினது. மனிதன் எழுதுவது மூலநிரல். அதனைக் கற்றவர் படித்து அறியலாம், பிழை கண்டவிடத்துத் திருத்தலாம். இயந்திரம் ஏற்பதற்காக அது மாற்றப்பட்டபின் வெறும் எண்திரளாகி, மனிதன் படித்தற்கரிய ஒன்றாகின்றது. பரியாரியார் தரும் சூரணத்தை உட்கொள்வோன் அதிற் சேர்ந்த மூலிகைகளை அறியான். பரியாரியார் மறைந்தால் மருந்தும் மறையும். ஏட்டில் எழுதி வைத்துப் பிறர்க்கும் கொடுத்தாராயின், அடுத்த ஊர் வைத்தியர் அதனைச் செய்யலாம், நோயாளியின் உடலுக்கேற்ப அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். வணிக நிறுவனங்கள் பெரும்பாலும் விற்பன சூரணங்களே. ஏட்டை அவை தம்மிடமே வைத்துக்கொள்கின்றன.

இவ்வழக்கத்தை எதிர்த்து முதலில் முறையாகக் குரலெழுப்பியவர் அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திற் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன். அவருடைய ஆய்வுகூடத்துக்கு வந்த அச்சுப்பொறி ஒன்று அடிக்கடி தாள் சிக்கி நின்றது. சிக்கலைப் பயன்படுத்துவோர்க்கு உடனே அறிவிக்குமாறு நிரலைத் திருத்த அவர் விழைந்தார். மூலநிரல் வைத்திருந்தவரோ, பிறர்க்குக் கொடேன் என ஒப்பந்தஞ் செய்துள்ளேன் என்று மறுத்துவிட்டார். தாள் சிக்கிய ஒரு பொறியிலிருந்து ஓர் இயக்கம் பிறந்தமை வியப்பே. 1983இல் ஸ்டால்மன் தம் திட்டத்தை அறிவித்தார். 1989இல் அதற்கென ஒரு பொது உரிமத்தையும் வகுத்தார். விரும்பிய எதற்கும் பயன்படுத்தலாம், உள்ளே நோக்கிக் கற்கலாம், பிரதி எடுத்துப் பிறர்க்கு வழங்கலாம், திருத்தலாம், திருத்தியதையும் வழங்கலாம். ஆனால் வழங்குங்கால் பெறுவோர்க்கும் இவ்வுரிமைகள் அனைத்தையும் அளித்தே ஆகவேண்டும். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் பின்னர் இவ்வுரிமத்தின் கீழ் வந்தது. ‘திறந்த மூலம்’ என்னும் பெயர் 1998இல் வழக்குக்கு வந்தது.

ஆங்கிலத்திலே ‘விலையற்றது’, ‘கட்டற்றது’ என்னும் இருபொருளையும் ஒரே சொல் குறிப்பதால் அவர்கள் ஆண்டுக்கணக்காய் விளக்கம் எழுத நேர்ந்தது. தமிழுக்கு அவ்விடர் இல்லை. இலவசம் வேறு, கட்டின்மை வேறு என்பதை நம் சொற்களே காட்டும். எனினும் நம்மூரிற் குழப்பம் நீங்கவில்லை. காரணம் சொல்லில் அன்று, கடையில் உளது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் காக்கின்றது. ஆயினும் வீட்டு வாசலுக்கு அச்சட்டம் வருவதில்லை என்ற துணிவில் நாம் வாழ்கின்றோம். முறையாக உரிமம் பெறும் அலுவலகங்களுக்கே விலையின் கடுமை தெரியும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை அண்டி நின்ற அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபா வரை ஏறியபோது, டொலரிற் சந்தா கட்டியோர், விற்பவர் ஒரு சதமும் கூட்டாதிருக்கவும், ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மடங்கு செலுத்த நேர்ந்தது.

“அதெல்லாம் பேராதனையிற் படிக்கும் பொறியியல் மாணவர்க்கு, நமக்கேன்?” என்பது அடிக்கடி கேட்கும் பிறிதொரு கருத்து. இதனைக் கூறுவோரின் சட்டைப்பையிலேயே இதற்கு மறுப்பு உளது. அவர் வைத்திருப்பது அன்றொயிட் கைப்பேசியாயின் அதன் அடித்தளம் லினக்சே. அதனினும் நமக்கு நெருங்கிய செய்தி வேறொன்று. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கு விற்பனையான கைப்பேசிகள் பலவற்றில், தமிழிற் குறுஞ்செய்தி வந்தால் எழுத்துக்களுக்குப் பதில் வெறுங் கட்டங்கள் தோன்றும்; அல்லது கொம்பு ஓரிடத்திலும் மெய் ஓரிடத்திலுமாகச் சிதறிக் கிடக்கும். இன்று அக்குறை நீங்கிற்று. நீங்கியது எவ்வாறு?

‘கெ’ என எழுதுங்கால் கண்ணுக்கு முதலில் தோன்றுவது கொம்பு, பின்னரே ககரம். யுனிக்கோடு முறையிலோ ககரம் முதலிலும் எகரக் குறி அதன் பின்னும் சேமிக்கப்படும். உயிர்மெய்யில் மெய்க்குப் பின்னரே உயிர் ஒலிக்கும் எனத் தொல்காப்பியர் கொண்ட முறைக்கு இது முற்றும் இயைந்தது. ஆனால் ஒலிமுறையிற் சேமித்ததை வரிவடிவ முறையிற் காட்டுவதற்கு இடையே ஒரு நிரல் வேண்டும். கொம்பை முன்னே நகர்த்தவும், ‘கொ’ என்னும் எழுத்தின் குறியை இரண்டாகப் பிளந்து இருபுறமும் நிறுத்தவும், ‘கு’, ‘கூ’ போல்வனவற்றைத் தனிவடிவாக்கவும் அதுவே வல்லது. இன்று அன்றொயிட் கைப்பேசிகளிலும், குரோம், பயர்பொக்ஸ் உலாவிகளிலும் இப்பணியைச் செய்வது ஹார்ஃபபஸ் என்னும் கட்டற்ற நிரல். அதன் பெயர் பாரசீகச் சொற்களால் ஆயது. ‘திறந்த எழுத்து’ என்பது பொருள். அதனை வளர்த்தவருள் முதன்மையானவர் ஈரானிற் பிறந்த பெஹ்தாத் எஸ்பஹ்பொத். அரபு வரிவடிவத்தின் இடர்ப்பாட்டை உணர்ந்த ஒருவர் முன்னின்று வளர்த்த நிரலாலே மகியாவையில் ஒரு தாய் தன் மகனின் தமிழ்ச் செய்தியைப் பிழையின்றி வாசிக்கின்றாள். பல கைப்பேசிகளில் அமைந்துள்ள நோட்டோ எழுத்துருவும் கட்டற்ற உரிமம் உடையதே. வெறுங் கட்டங்களைத் தொழில் வழக்கில் ‘டோஃபு’ என்பர். அது இல்லாமை வேண்டியே அவ்வெழுத்துருவுக்கு அப்பெயர் இட்டனர்.

இனி, நம் ஊரின் பழைய நோய் ஒன்றைக் கூறவேண்டும். அதன் பெயர் பாமினி. யாழ்ப்பாணத்திற் பிறந்து மலாயா சென்ற ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு விசைப்பலகை வகுத்த முன்னோடி. பழந் தட்டச்சர் விரல்களிற் பதிந்துபோன அவ்விசை ஒழுங்கைப் பின்பற்றி, ஆங்கில எழுத்துக்களின் இடங்களிலே தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு பாமினி. இலங்கையில் அது பெற்ற செல்வாக்குப் பெரிது. அச்சகங்கள் பல இன்றும் அதனையே கையாள்கின்றன. அதன் உள்ளே தமிழ் இல்லை என்பதே துயரம். ‘தமிழ்’ என்று நாம் காண்பது கணினியின் நினைவில் ஜே, கே, பீ, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமே. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அவையே தோன்றும். தேடுபொறிக்கு அது தமிழென்று தெரியாது. பார்வையற்றோர்க்கு வாசித்துக் காட்டும் நிரல் அதனை ஆங்கிலமாகவே உளறும்.

நம் பாடசாலை மலர்கள், கோவிற் குடமுழுக்கு மலர்கள், நினைவு மலர்கள் என்பனவற்றில் எத்தனை, பேஜ்மேக்கரிலே பாமினி எழுத்துருவிற் கோக்கப்பட்டவை! பேஜ்மேக்கர் 2001இல் வெளிவந்த ஏழாம் பதிப்போடு நின்றுவிட்டது. அதன் வழிவந்த இன்டிசைனின் இன்றைய பதிப்புக்கள் அக்கோப்புக்களை நேரே திறப்பதில்லை. அச்சான மலர் அலுமாரியில் உளது. அதன் மூலக்கோப்பு இறுவட்டில் ஊமையாய்க் கிடக்கின்றது. ஈண்டு ஒரு வியப்பு. உரிமையாளர் கைவிட்ட அவ்வடிவத்தை ஆராய்ந்து, அதனைத் திறக்கும் வழியைத் தன்னார்வலர் சிலர் வகுத்தனர். 2015 தொடக்கத்தில் வெளிவந்த லிப்ரே ஒபிஸ் பதிப்பில் அது சேர்க்கப்பட்டது. பக்க அமைப்பு முற்றும் பழையபடி வாராதாயினும் சொற்கள் வரும். சொற்களன்றோ வேண்டுவன!

லிப்ரே ஒபிஸ் பிறந்த வரலாறும் ஈண்டு நோக்கத்தக்கது. ஓப்பின் ஒபிஸ் என்னும் கட்டற்ற அலுவலகத் தொகுப்பைப் பேணிய நிறுவனம் 2010இல் வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறியது. புதிய உடைமையாளர்மீது ஐயங்கொண்ட ஆக்குநர் பலர் அவ்வாண்டே மூலநிரலின் பிரதியை எடுத்துக்கொண்டு தனித்துப் பிரிந்து தம் பணியைத் தொடர்ந்தனர். எவரும் அவர்களைத் தடுக்க இயலவில்லை. உரிமமே அதற்கு இடமளித்தது. பேஜ்மேக்கரை நம்பினோர்க்கு இவ்வழி இருந்ததில்லை.

“அந்நியர் செய்து தருவதை நாம் பெறுகின்றோம், அவ்வளவே” எனக் கருதுவாரும் உளர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரைகளைச் சூறையாடியபோது, காணாமற்போனோர், முகாம்கள், உதவிப் பொருட்கள் ஆகியவற்றைப் பதிந்து ஒழுங்குசெய்யும் நிரலை நம் நாட்டு மென்பொருளாளரே சில நாட்களில் எழுதத் தொடங்கினர். ‘சஹான’ என்பது அதன் பெயர். சிங்களத்தில் ஆறுதல் அல்லது நிவாரணம் எனப் பொருள்படும். மூலநிரல் திறந்திருந்தமையால் அது 2005இல் பாக்கிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூக நலனுக்கான 2006ஆம் ஆண்டு விருதையும் பெற்றது. மலையகத்தில் வாழும் நமக்கு இதன் பெறுமதியை விளக்கவேண்டுவதில்லை. 2014 ஒக்டோபரிலே கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டம் புதையுண்டபோது, மண்ணுக்குள் எத்தனை பேர் என்பதிலேயே முதல் நாட்களில் ஒன்றுக்கொன்று பெரிதும் மாறுபட்ட எண்ணிக்கைகள் வெளிவந்தன.

நூலகம் என்னும் இணையச் சேமிப்பகமும் இவ்வகையதே. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. 2005இல் தன்னார்வலர் தொடங்கிய இச்சேமிப்பகம், விக்கிப்பீடியா இயங்கும் மீடியாவிக்கி என்னும் அதே கட்டற்ற மென்பொருளின்மேல் அமைந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தின் இளங்கதிர் மலர்களை இன்று வீட்டிலிருந்தே புரட்ட முடிவது அதனால் ஆயது. கையிற் பொருளில்லாச் சிறு கூட்டத்தினர் இத்தகைய மென்பொருளை விலைகொடுத்துப் பெறவேண்டியிருந்தால் தொடக்கமே அரிதாயிருந்திருக்கும்.

நிற்க. கட்டற்ற மென்பொருளைக் குறையற்றதெனக் கூறுவாரும் நம்மிடை உளர். அவர் கூற்றையும் அப்படியே ஏற்றல் இயலாது. கடையில் வாங்கிய அச்சுப்பொறி லினக்சிற் சிலபோது இயங்க மறுக்கும். கணக்காளர் வேண்டும் மென்பொருள் அதற்குக் கிடையாது. பழுதுபட்டால் திருத்திக் கொடுக்கும் கைவினைஞர் நகரில் மிகச் சிலரே. விண்டோஸ் பழுதானால் சந்திக்குச் சந்தி ஆள் உண்டு. இவ்வேதுவால் ஒருவர் விண்டோசையே விரும்பினால் அவரைப் பழித்தல் அறியாமை. திறந்த கதவு தானே வேலை செய்யாது. உள்ளே புகுந்து செய்வார் வேண்டும். பயர்பொக்ஸ் உலாவி சில ஆண்டுகள் இலங்கைத் தமிழுக்கெனத் தனிப் பதிப்பாகவும் வெளிவந்தது. நம் கலைச்சொற்களை நாமே இட்டு வழங்க அது வாய்ப்பளித்தது. இன்று அப்பதிப்பு இல்லை.

எனினும் காலம் சிலர்க்கு வேறு வழியைக் காட்டுகின்றது. விண்டோஸ் 10க்கான ஆதரவை அதன் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் நாளோடு நிறுத்தியது. பாதுகாப்புத் திருத்தங்களை மேலும் ஓராண்டு பெற ஒரு திட்டம் உண்டு. விண்டோஸ் 11 ஏற்கும் பாதுகாப்புச் சில்லு பழைய கணினிகள் பலவற்றில் இல்லை. ஆகவே, நன்றாய் ஓடிக்கொண்டிருக்கும் கணினியும் காலங்கடந்ததாகின்றது. இத்தகைய கணினிகளில் லினக்ஸ் செம்மையாய் இயங்கும். எழுதவும், கணக்கிடவும், இணையத்தில் உலவவும் பாடசாலை ஒன்றுக்கு அதுவே அமையும்.

பழைய மலர்களின் கோப்புக்களை மீட்போர்க்கு ஒரு செய்தி. பாமினியை யுனிக்கோடாக்கும் நிரல்கள் பல உள. அவற்றுட் சில மூலநிரலோடு கிடைப்பன. மாற்றியபின் பார்வைக்கு எல்லாம் சரியாகவே தோன்றும், தேடினால் அகப்படா. பழந் தட்டச்சர் பலர் ரகரத்துக்குப் பதிலாக ஆகாரக் காலை இட்டு, அதன்மேற் புள்ளி வைத்து ‘ர்’ எனக் காட்டினர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆதலின் ‘ஆசிரியர்’ எனத் தேடுவோன், ஆசிரியர் நிரம்பிய மலரொன்றில் ஒருவரையும் காணான். மூலநிரல் கையிலிருப்பின், ஆகாரக் காலை அடுத்துப் புள்ளி வருமிடமெல்லாம் ரகர மெய்யாக்குக என ஒரு வரி சேர்த்தாற் போதும். உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் ஒரு பிற்பகலில் அதனைச் செய்து முடிப்பார்.